டவர் கிடைக்கவில்லையா? செல்போன் சிக்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னல் சரியில்லை என்று கஸ்டமர் கேருக்குப் பேசினால் முதலில் வரும் பதில் "போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பதுதான். சில நேரம் அது உதவும். பல நேரம் கோளாறு உங்கள் போனில் இருக்கவே இருக்காது. குறை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவும், கம்பெனி பக்கம் என்றால் விடாமல் கேட்கவும் உதவுவதற்காக இதை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. விதிகள் இந்தியா முழுவதற்கும் பொது.

நாலு கோடும் முழுசாகக் காட்டுகிறது. ஆனால் கால் போகவில்லை, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

அந்தக் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது. ஒரே சிம்மை இரண்டு போனில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கோடு வித்தியாசப்படலாம்.

இன்னொன்று, டவரிலிருந்து வரும் அலை உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் கோடு சொல்லும். உங்கள் போன் அனுப்புவது டவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு விஷயம். டவருக்குப் பல வாட் சக்தி உண்டு. சாதாரண 4ஜி போன் அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட். அதனால்தான் சில இடங்களில் எதிர்முனையில் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கும்.

மூன்றாவது, நெரிசல். ஒரு டவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பறக்கும் நெட் இரவு ஒன்பது மணிக்கு நகராமல் நின்றால் சிக்னலில் குறையில்லை, அந்த டவரில் இடமில்லை. இதை நீங்கள் போனில் எதையும் மாற்றிச் சரிசெய்ய முடியாது. கூடுதல் அலைவரிசையோ கூடுதல் டவரோ போட வேண்டியது கம்பெனியின் வேலை.

அப்படியானால் உண்மையான அளவை எப்படிப் பார்ப்பது?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று பாருங்கள். சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற வரியில் மைனஸ் போட்டு ஓர் எண் இருக்கும், டிபிஎம் என்ற அலகில். மெனு போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* டயல் செய்தாலும் வரும். ஐபோனில் *3001#12345#* டயல் செய்து கால் பட்டனை அழுத்த வேண்டும்.

4ஜிக்கு, மைனஸ் 80, மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 100 தாண்டினால் தடுமாற ஆரம்பிக்கும். மைனஸ் 110க்குக் கீழே கால் கட்டாவது சகஜம். மைனஸ் 120 பக்கம் போனால் இல்லாத மாதிரிதான்.

இந்த அளவு சாதாரணக் கணக்கில் ஓடாது. 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். மைனஸ் 80க்கும் மைனஸ் 110க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆகவே முப்பதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இடம், நேரம், எண் மூன்றையும் குறித்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். கீழே புகார் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

வாசலில் டவர் கிடைக்கிறது, வீட்டுக்குள் வந்தால் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், தகர ஷீட் கூரை, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, இவை மூன்றும் அலையை நன்றாகத் தடுக்கும். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் இருப்பவர்கள் படும் பாட்டுக்கு இதுதான் காரணம். லிஃப்ட் என்பது கிட்டத்தட்ட மூடிய இரும்புப் பெட்டி, அங்கே எதிர்பார்க்கவே வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது வைஃபை காலிங். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் டவரே இல்லாமல், வைஃபை வழியாகவே உங்கள் வழக்கமான எண்ணில் கால் பேசலாம். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இதைக் கொண்டுவந்தன. தனிக் கட்டணம் இல்லை, தனி ஆப்பும் வேண்டாம். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் வைஃபை காலிங் என்று இருக்கும், அதை ஆன் செய்தால் போதும். போன் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருஷக்கணக்காக மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருக்கும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை, கம்பெனியும் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்கள் போனில் ஆன் செய்து கொடுங்கள்.

பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் ஜன்னல் ஓரம்தான் வழி. அறைக்கு அறை டிபிஎம் பாருங்கள். டவர் இருக்கும் திசைப் பக்கத்து ஜன்னலில் நல்ல வித்தியாசம் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனி சிம். அவருக்கு நன்றாகக் கிடைக்கிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம். அவருடைய கம்பெனியின் டவர் பக்கத்தில் இருக்கலாம். அல்லது அந்தக் கம்பெனி அங்கே தாழ்ந்த அலைவரிசையில் ஓடலாம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300 மெகாஹெர்ட்ஸ், 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை வேகம் தரும், ஆனால் ஒரு சுவர் தாண்டினாலே வாடிவிடும். அதனால் எந்த கம்பெனி நல்ல கம்பெனி என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் தெருவில், உங்கள் படுக்கையறையில் எது கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

5ஜி என்று காட்டுகிறது, ஆனால் 4ஜியை விட மோசமாக இருக்கிறதே?

எல்லா 5ஜியும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் அது 4ஜி இணைப்பைச் சார்ந்தே ஓடுகிறது. அப்போது அருகில் 5ஜி வசதி உண்டு என்ற அளவிலேயே சின்னம் தெரியலாம், வேலை நடப்பது 4ஜியில். விளிம்பில் இருக்கும் இடங்களில் போன் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் நெட்வொர்க் மோடில் 4ஜி என்று மாற்றி வைத்துப் பாருங்கள். பேட்டரியும் மிச்சமாகும்.

சிக்னல் குறைந்த இடத்தில் போன் சூடாகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. இது சரியா?

ஆமாம். டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் முழு சக்தியில் அனுப்பும். பக்கத்தில் இருந்தால் குறைத்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் டவர் வைக்க வந்தார்கள். கதிர்வீச்சு என்று பயந்து எல்லோரும் தடுத்துவிட்டோம். தவறா?

பயப்படுவதில் தவறில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு, சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்பட்டதில் பத்தில் ஒரு பங்காக வைக்கப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் என்ற தளத்தில் உங்கள் பகுதி டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டணம் கட்டினால் நேரில் வந்து அளந்தும் காட்டுவார்கள்.

டவர் தூரமாகப் போனால் காதோரம் இருக்கும் போன் அதிக சக்தியில் அனுப்பும். நம் தலைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். டவரைத் தடுத்த தெருவில் கதிர்வீச்சு குறைந்துவிட்டது என்று நினைப்பது சரியான கணக்கு இல்லை. அளந்து காட்டச் சொல்லுங்கள், கட்டடம் தாங்குமா என்று கேளுங்கள், ஜெனரேட்டர் சத்தத்துக்கு என்ன வழி என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரண்ட் போனால், மழை பெய்தால் டவரும் போய்விடுகிறது. ஏன்?

மழைத்துளி உங்கள் போனுக்கு வரும் அலையை அவ்வளவாகத் தடுக்காது. தொல்லை டவருக்குப் பின்னால். டவருக்கு மின்சாரம் வேண்டும். நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும், டீசல் கொண்டுபோக வழி இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நல்ல நிலையில் நின்ற டவரும் மின்சாரம் இல்லாமல் ஊமையானது.

அடுத்தது கேபிள். டவரை மற்ற இடங்களோடு இணைப்பது பெரும்பாலும் மண்ணுக்கடியில் போகும் ஃபைபர். குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் ஜேசிபி தோண்டும்போது அது அறுந்துபோகிறது. இதைத் தடுக்கத்தான் 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. தோண்டுகிறவர் முன்கூட்டியே தகவல் சொன்னால் கேபிள் வைத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் ஊரில் சாலை வேலை நடக்கும்போது திடீரென்று நெட் போனால், தோண்டும் இடத்தையும் புகாரில் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேரிடர் நேரத்தில் ஒரு கம்பெனி சிம்மை இன்னொரு கம்பெனி டவரில் இயங்கவிட அரசு உத்தரவிட முடியும். அப்படி அறிவித்தால் செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வுக்குப் போய், கிடைக்கிற கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

தீபத்துக்குத் திருவண்ணாமலை போனால், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனால் போனே வேலை செய்வதில்லையே?

லட்சக்கணக்கில் கூட்டம், டவர் அதே டவர். கம்பெனிகள் வண்டியில் தற்காலிக டவர் கொண்டுவந்து நிறுத்துவது உண்டு, அதுவும் ஓரளவுக்குத்தான். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று குடும்பத்தோடு முன்பே பேசி வையுங்கள். கால் போகாதபோது எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்கு இடம் மிகக் குறைவாகவே தேவை, சில நிமிஷம் கழித்தாவது போய்ச் சேரும். குழந்தையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

மலை ஊர்களில் ஏன் இன்னும் இந்த நிலைமை?

செல்போன் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. நடுவில் ஒரு மலை நின்றால் பின்பக்கம் இருட்டுதான். வால்பாறை, கூடலூர், ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கங்களில் ஒரு வளைவில் முழு சிக்னல், அடுத்த வளைவில் ஒன்றுமில்லை என்பதற்கு இதுவே காரணம். சமவெளியில் ஒரு டவர் செய்யும் வேலைக்கு அங்கே பல டவர் வேண்டும். ஆள் குறைவு, வருமானம் குறைவு, மின்கம்பி இல்லை, காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். கம்பெனிகள் தள்ளிப்போடுவது இதனால்தான்.

ஆனால் இந்த நஷ்டக் கணக்குக்குப் பதில் ஏற்கனவே இருக்கிறது. தொலைத்தொடர்பு கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம், லாபம் வராத இடங்களுக்குச் சேவை கொண்டுபோவதற்காகவே ஒரு நிதிக்குப் போகிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாயில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. செய்வது பிஎஸ்என்எல். உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் டவர் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதிக் கேட்கலாம். கிராம சபைத் தீர்மானத்தோடு எம்பிக்குக் கொடுக்கும் மனுவுக்கும் மதிப்பு உண்டு.

இதை வசதிக்குறைவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. கொரோனா காலத்தில் மலைப்பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காகப் பாறை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்கு வருகையை ஆப்பில் போட்டோ எடுத்துப் பதிவது கட்டாயமானது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவிக்கும் நெட் வேண்டும். அரசே எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுவந்த பிறகு, சிக்னல் இல்லாத ஊர்க்காரருடைய கூலியும் அரிசியும் அந்த டவரில் தொங்குகிறது. தண்ணீர் வரவில்லை என்றால் எப்படிக் கேட்போமோ அப்படித்தான் இதையும் கேட்க வேண்டும்.

ராமேஸ்வரம் போனபோது 'இலங்கைக்கு நல்வரவு' என்று மெசேஜ் வந்தது. காசு போய்விடுமா?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் கடல், தடுப்பு எதுவும் இல்லை. நம் டவர் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். சர்வதேச ரோமிங் ஆன் ஆகியிருந்தால் கட்டணம் ஏறும். பாம்பன் பாலம் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் ஆட்டோமேட்டிக்கில் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வேறு தொல்லை வரும்.

நெட் ஓடுகிறது, ஆனால் ஓடிபி வருவதில்லை?

நீங்கள் வைஃபையில் இருக்கலாம். வைஃபை காலிங் ஆஃப் ஆகியிருந்தால் எஸ்எம்எஸ் வர டவர் வேண்டும். ஏரோபிளேன் மோடை ஆன் செய்து, பத்து விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். போன் டவரில் புதிதாகப் பதிவாகும், தேங்கிய மெசேஜ் வந்து விழும். ஓடிபி வரவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். பழையது வந்து சேரும்போது செல்லாது, பல முறை கேட்டால் வங்கி கொஞ்ச நேரம் பூட்டியும் விடும்.

ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம். உங்கள் வீட்டில் சிக்னல் ஏறும், ஆனால் அது கிளப்பும் இரைச்சல் டவருக்குப் போய்த் தெருவில் மற்றவர்களின் கால் கட்டாகும். திடீரென்று ஒரு தெரு முழுக்க சிக்னல் கெட்டால், யாரோ வைத்த பூஸ்டராகக்கூட இருக்கலாம்.

'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால்?

பெரும்பாலும் உங்கள் கம்பெனி டவர் இல்லை, வேறு கம்பெனி டவர் இருக்கிறது என்று அர்த்தம். 112ஐ அழையுங்கள். கிடைக்கிற எந்த நெட்வொர்க் வழியாகவும் அது போகும்.

சரி, கோளாறு கம்பெனி பக்கம்தான். எப்படிப் புகார் செய்வது?

படிப்படியாகப் போக வேண்டும். தாவினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் 198. இது கட்டணமில்லாத புகார் எண். பேசி முடித்ததும் புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார் புகாரே இல்லை. "சிக்னல் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போனை ஆஃப் செய்யச் சொல்வார்கள். "இந்தத் தெருவில், வீட்டுக்கு வெளியே, 4ஜியில் மைனஸ் 114, மாலை நேரத்தில் தினமும் கால் கட்டாகிறது, வேறு போனில் போட்டும் பார்த்தேன்" என்று சொன்னால் அந்தப் பேச்சே எழாது.

பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. முகவரியும் மின்னஞ்சலும் கம்பெனி இணையதளத்தில் இருக்கும், பக்கத்தின் அடியில் தேட வேண்டியிருக்கும். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. இங்கேதான் கம்பெனியின் கவரேஜ் மேப்பைப் பயன்படுத்த வேண்டும். எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கிறது என்று மேப் வெளியிடுவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டாயம். உங்கள் தெரு அதில் 4ஜி உள்ள இடமாகக் காட்டப்பட்டிருந்தால், அந்தப் படத்தையும் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். கம்பெனியே எழுதித் தந்த வாக்கு அது. இதைவிட வலுவான ஆதாரம் வாடிக்கையாளர் கையில் வேறு இல்லை.

டிராய்க்கு எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. மேல்முறையீடும் முடிந்த பிறகு தொலைத்தொடர்புத் துறையின் பொதுக்குறை பிரிவுக்கு, மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளம் வழியாகப் போடுங்கள். ஒரே தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் போட்டால் நல்லது.

சேவை இல்லாத நாளுக்குப் பணம் கிடைக்குமா?

கட்டான கால் ஒன்றுக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று கால் வரை தர வேண்டும் என்று 2015 அக்டோபரில் டிராய் உத்தரவிட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வாடிக்கையாளருக்கு அது பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஒரு ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் ஒவ்வொரு கட்டான காலையும் கம்பெனி எண்ண வேண்டி வந்திருக்கும்.

இப்போது இருப்பது வேறு. 2024 விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும், ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் உண்டு. இயற்கைப் பேரிடருக்கு விலக்கு. உங்கள் தெருவில் மட்டும் டவர் இல்லை என்றால் இதில் ஒன்றும் வராது. அதற்கு நுகர்வோர் ஆணையம்தான். டெலிகாம் வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. புகார் எண்களும் தேதிகளும் இருந்தால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

பேசாமல் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா?

மாறலாம், ஆனால் சோதித்துவிட்டு. முதலில் அந்தக் கம்பெனியில் குறைந்த விலை சிம் ஒன்று வாங்கி, உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் சில நாள் போட்டுப் பாருங்கள். திருப்தி என்றால் ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் நம்பரைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை நின்றபோது, போர்ட் எஸ்எம்எஸ் அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் தமிழ்நாடு முழுக்க மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் எல்லாம் அந்த நம்பரில்தான் இருந்தது.

புதிதாக வாடகை வீடு பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீர், கரண்ட் பார்க்கும்போதே வீட்டில் எல்லோருடைய சிம்மையும் பாருங்கள். கதவு ஜன்னலை மூடிவிட்டு, உள்ளறையில் நின்று டிபிஎம் எண்ணைப் பாருங்கள், ஒரு கால் போட்டுப் பேசியும் பாருங்கள். முடிந்தால் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பகலில் பார்த்தால் நெரிசல் தெரியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.